புருவத்தில் பச்சை குத்தும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை: 'அரை நிரந்தர' ஒப்பனை குறித்த முழு விளக்கம்

ஹைதராபாத்: பஞ்சாரா ஹில்ஸ், ஜூப்ளி ஹில்ஸ் தொடங்கி மாதாப்பூர், கச்சிபௌலி, குக்கட்பள்ளி வரை ஹைதராபாத்தின் அழகு நிலையங்களில் த்ரெட்டிங், ஃபேஷியல் ஆகியவற்றுக்கு அடுத்த வரிசையில் இப்போது 'மைக்ரோபிளேடிங்' இடம்பெற்றுள்ளது. புருவ முடி அடர்த்தியின்றி இருப்பவர்கள், நாள்தோறும் பென்சிலால் புருவம் தீட்டிச் சலித்தவர்கள், திருமணத்துக்குத் தயாராகும் மணப்பெண்கள், சிகிச்சையால் முடி இழந்தவர்கள் எனப் பலரும் இதை நாடுகின்றனர். ஒருமுறை செய்துகொண்டால் ஓரிரு ஆண்டுகளுக்குக் கவலை இல்லை என்பதே இதன் ஈர்ப்பு.

ஆனால் இதனை ஒப்பனை என்ற சொல்லால் மட்டும் விளங்கிக்கொள்வது போதாது. ஊசியால் தோலைத் துளைத்து அதனுள் நிறமியைச் செலுத்தும் எந்தச் செயலும் பச்சை குத்துதலே ஆகும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் நிரந்தர ஒப்பனையைப் பச்சை குத்துதலின் ஒரு வகையாகவே கருதுகிறது. செய்யப்படும் இடம் கைமறைவான தோள் அல்ல, முகம். தவறு நேர்ந்தால் மறைப்பதற்கு வழி குறைவு. எனவே முன்பணம் செலுத்தும் முன் வாடிக்கையாளர் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே காணலாம்.

பழைய பழக்கத்தின் புதிய வடிவம்:

பச்சை குத்துதல் தென்னிந்தியாவுக்குப் புதிதன்று. தமிழ்நாட்டுக் கிராமங்களில் குறத்தியர் வீடு வீடாகச் சென்று கையிலும் நெற்றியிலும் பச்சை குத்திய காலத்தை மூத்தவர்கள் இன்றும் நினைவுகூர்வர். தெலுங்கு மக்கள் இதனைப் 'பச்சபொட்டு' என்கின்றனர். அந்தப் பச்சை வாழ்நாள் முழுவதற்குமானது; அதனைக் குத்திக்கொண்டவர்களும் அவ்வாறே அறிந்து குத்திக்கொண்டனர்.

இன்றைய புருவப் பச்சை அங்கிருந்து மாறுபடுவது ஆழத்திலும் நிறமியிலும்தான். தோலில் மேல்தோல், அதன் கீழே உள்தோல் என இரண்டு முக்கிய அடுக்குகள் உள்ளன. மேல்தோல் ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. அதில் மட்டும் நிறமி தங்கினால் சில வாரங்களில் உதிர்ந்துவிடும். எனவே உள்தோலின் மேற்பகுதியில் நிறமி வைக்கப்படுகிறது. வழக்கமான பச்சையைவிட மேலாக வைக்கப்படுவதால் சூரிய ஒளியாலும் உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களாலும் அது சிறிது சிறிதாக மங்குகிறது.

ஊசி தேவைக்கு மேல் ஆழமாக இறங்கினால் நிறம் பரவி, கோடுகள் கலங்கி, பழுப்பு நிறம் சாம்பல் அல்லது நீலமாகத் தெரியும், தழும்பும் ஏற்படலாம். மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு வேறுபாடே நல்ல புருவத்தையும் கெட்டுப்போன புருவத்தையும் பிரிக்கிறது. ஆகவே இத்தொழிலில் கருவியைவிடக் கையின் பயிற்சியே முதன்மையானது.

'அரை நிரந்தரம்' என்ற சொல்லின் பொருள்:

பொதுவாக ஓர் ஆண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை நிறம் நிலைக்கும் எனக் கூறப்படுகிறது. எண்ணெய்ப் பசை மிகுந்த தோலிலும், வெயிலில் அதிகம் அலைபவர்களுக்கும் அது விரைவில் மங்கும். ஆனால் மங்குவது வேறு, முற்றிலும் மறைவது வேறு. பலருக்கு ஆண்டுகள் கடந்த பின்னும் நிறத்தின் நிழல் எஞ்சி நிற்கிறது. 'பிடிக்கவில்லை என்றால் தானாகவே போய்விடும்' என்று எவரேனும் உறுதியளித்தால் அதனை நம்ப வேண்டியதில்லை.

மங்கும்போது நிறம் மாறுவதும் உண்டு. புருவ நிறமிகளில் இரும்பு ஆக்சைடு, கார்பன் கருப்பு, டைட்டானியம் டை ஆக்சைடு, கரிம நிறமிகள் ஆகியவை பல விகிதங்களில் கலக்கப்படுகின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் மங்குவதால், பழுப்பாகத் தொடங்கிய புருவம் சில ஆண்டுகளில் செம்மையாகவோ சாம்பலாகவோ தெரியக்கூடும்.

மூன்று முறைகள், மூன்று விளைவுகள்:

மைக்ரோபிளேடிங்: மெல்லிய ஊசிகள் ஒரே வரிசையில் பொருத்தப்பட்ட கைக்கருவியால், முடியைப் போன்ற நுண்கோடுகள் கீறப்படுகின்றன. பார்ப்பதற்கு அலகு போலிருப்பதால் 'பிளேடு' என்ற பெயர் நிலைத்தது. வறண்ட அல்லது இயல்பான தோலுக்கு இது பொருந்தும். எண்ணெய்ப் பசைத் தோலில் கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும் வாய்ப்பு அதிகம்.

பவுடர் பிரோ அல்லது ஓம்ப்ரே: இயந்திரத்தால் புள்ளி புள்ளியாக நிறமி வைக்கப்படும். புருவத்தில் பவுடர் தீட்டியதுபோன்ற மென்மையான நிழல் கிடைக்கும். எண்ணெய்ப் பசைத் தோலுக்கு இது ஒப்பீட்டளவில் ஏற்றது.

நானோ பிரோ: ஒற்றை ஊசி பொருத்திய இயந்திரத்தால் முடி போன்ற கோடுகள் வரையப்படும். கீறலுக்கு மாறாகத் துளையிடுதல் என்பதே மைக்ரோபிளேடிங்கிலிருந்து இதன் வேறுபாடு.

முதலிரண்டையும் இணைத்துச் செய்யும் 'காம்போ' முறையும் உண்டு. எந்த முறை பொருந்தும் என்பதைத் தோலின் தன்மை தீர்மானிக்க வேண்டும். சமூக ஊடகத்தில் கண்ட படம் அன்று.

செயல்முறை எவ்வாறு நடைபெறுகிறது?:

முறையான இடத்தில் முதல் சந்திப்பிலேயே ஊசி எடுக்கப்படுவதில்லை. உடல்நிலை, ஒவ்வாமை, உட்கொள்ளும் மருந்துகள் குறித்துக் கேட்டறிந்து எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். காதின் பின்புறம் போன்ற இடத்தில் சிறிதளவு நிறமி வைத்து ஒவ்வாமைச் சோதனை செய்து, குறைந்தது ஒன்றிரண்டு நாட்கள் காத்திருக்க வேண்டும். சோதனையில் எதுவும் தெரியாவிட்டாலும் அது முழு உத்தரவாதம் அன்று. நிறமி ஒவ்வாமை சில வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்தும் தோன்றக்கூடும்.

செய்யும் நாளில் முதலில் அளவுகோலும் பென்சிலும் கொண்டு புருவத்தின் வடிவம் வரையப்படும். எழுந்து அமர்ந்து, முகத்தைத் தளர்வாக வைத்துக்கொண்டு, கண்ணாடியில் இந்த வடிவத்தைப் பார்த்து ஒப்புதல் அளிப்பது வாடிக்கையாளரின் உரிமை. படுத்த நிலையில் மட்டும் பார்த்தால் இரு புருவங்களின் ஏற்ற இறக்கம் சரியாகத் தெரியாது. அதன்பின் மரத்துப்போகச் செய்யும் களிம்பு தடவப்பட்டு, நிறமி செலுத்தப்படும். மொத்தம் இரண்டு முதல் மூன்று மணி நேரம் ஆகும். நான்கு முதல் எட்டு வாரங்களுக்குப் பின் திருத்தம் செய்யும் அமர்வு ஒன்று தேவைப்படும். அதற்கான கட்டணம் முதல் தொகையில் அடங்குமா என்பதை முன்னரே கேட்டுக்கொள்வது நல்லது.

மரத்துப்போகச் செய்யும் களிம்பிலும் கவனம் தேவை:

இக்களிம்புகளில் லிடோகெயின் என்னும் மருந்து உள்ளது. அனுமதிக்கப்பட்ட அளவைவிட அதிகச் செறிவுள்ள களிம்புகள் இணையத்திலும் சந்தையிலும் எளிதாகக் கிடைக்கின்றன. பச்சை குத்துதல் போன்ற அழகுச் செயல்முறைகளுக்கென விற்கப்படும் இத்தகைய வலிநிவாரணக் களிம்புகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 மார்ச்சில் எச்சரித்தது. மருந்துச் சீட்டின்றி விற்கப்படும் களிம்புகளில் லிடோகெயின் 4 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அங்குள்ள வரம்பு. அதிக அளவு உடலில் கலந்தால் இதயத் துடிப்பில் ஒழுங்கின்மை, வலிப்பு, மூச்சுத் திணறல் ஆகியவை ஏற்படலாம்.

களிம்பை நீண்ட நேரம் வைத்திருப்பதும், அதன்மேல் பிளாஸ்டிக் தாள் கொண்டு மூடுவதும், கீறப்பட்ட தோலின்மேல் மீண்டும் மீண்டும் தடவுவதும் மருந்து உட்செல்லும் அளவைக் கூட்டுகின்றன. களிம்பின் பெயரையும் செறிவையும் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். பல் மருத்துவரிடமோ அறுவை சிகிச்சையிலோ மரப்பு மருந்தால் முன்பு தொல்லை ஏற்பட்டிருந்தால் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.

புருவம் உதிர்வது நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்:

வாடிக்கையாளரும் அழகுக் கலைஞரும் ஒருசேரக் கவனிக்கத் தவறும் இடம் இது. புருவ முடி திடீரென உதிர்ந்தாலோ, படிப்படியாகக் குறைந்தாலோ, அதனை வரைந்து மறைப்பதற்கு முன் காரணத்தைக் கண்டறிய வேண்டும்.

புருவத்தின் வெளிப்புற மூன்றில் ஒரு பங்கு மெலிவது தைராய்டு சுரப்புக் குறைவின் அறிகுறிகளுள் ஒன்று. வட்ட வடிவத்தில் முடி கொட்டும் 'அலோபீசியா ஏரியேட்டா', நெற்றி முடிக்கோடு பின்வாங்குவதோடு புருவமும் உதிரும் ஒருவகைத் தழும்பு முடியிழப்பு, தன்னையறியாது முடியைப் பிடுங்கும் மனநலப் பிரச்சினை ஆகியவையும் காரணமாகலாம். இவற்றுள் தழும்பு முடியிழப்பு மாதவிடாய் நின்ற பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. தொடக்கத்திலேயே சிகிச்சை பெற்றால் மேலும் முடி இழப்பதைத் தடுக்க வாய்ப்பு உண்டு. நிறமியால் மூடிவிட்டால் நோயைக் கண்டறிவது தாமதமாகும்.

தொழுநோயும் இப்பட்டியலில் உள்ளது. இந்தியா 2005-ஆம் ஆண்டின் இறுதியில், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் தொழுநோயைத் தேசிய அளவில் ஒழித்துவிட்டது. ஆயினும் ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய நோயாளிகள் நாட்டில் கண்டறியப்படுகின்றனர். புருவ முடி உதிர்தல், உணர்ச்சியற்ற வெளிர் படைகள், முகத்தோல் தடித்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். கூட்டு மருந்துச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகக் கிடைக்கிறது, முழுமையாகக் குணமாகும்.

புருவத்தின் சமூக மதிப்பை உணர்த்தும் வரலாறும் இங்கே உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946-இல் பணியில் சேர்ந்த அறுவை சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கை, கால்களைச் சீரமைத்ததோடு, தலைத்தோலின் ஒரு பகுதியை முடியுடன் புருவத்துக்கு மாற்றிப் பொருத்தும் அறுவை சிகிச்சைகளையும் மேற்கொண்டார். நோய் குணமான பின்னும், புருவமற்ற முகத்தைக் கண்டே ஊரார் ஒதுக்கியதால் அந்தச் சிகிச்சை தேவைப்பட்டது. தலைமுடி என்பதால் அந்தப் புருவம் வளர்ந்துகொண்டே இருக்கும், கத்தரித்துக்கொள்ள வேண்டும். புருவத்தை மீட்பது வெறும் அழகு ஆசை என்று எள்ளத்தக்கது அன்று என்பதற்கு இது சான்று.

அதே நோக்கில், புற்றுநோய் சிகிச்சையால் முடி இழந்தவர்களுக்கும், தீக்காயத் தழும்பு உள்ளவர்களுக்கும் புருவ நிறமியிடல் பெரும் ஆறுதலாக அமைகிறது. ஆனால் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது நோய் எதிர்ப்பாற்றல் குறைந்திருக்கும் என்பதால், புற்றுநோய் மருத்துவரின் ஒப்புதல் இன்றி இதனைச் செய்துகொள்ளக் கூடாது.

யாரெல்லாம் தவிர்க்க வேண்டும் அல்லது மருத்துவரைக் கேட்க வேண்டும்?:

* கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தள்ளிப்போடுவது நல்லது.
* கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு உள்ளவர்களுக்குப் புண் ஆறத் தாமதமாகும். தொற்றும் எளிதில் ஏற்படும்.
* காது குத்திய இடத்திலோ அம்மைத் தடுப்பூசி போட்ட இடத்திலோ தழும்பு புடைத்து வளர்ந்தவர்கள், கீலாய்டு தழும்பு ஏற்படும் இயல்பினர் ஆவர். அவர்கள் தவிர்க்க வேண்டும்.
* வெண்புள்ளி, சொரியாசிஸ் உள்ளவர்களுக்குத் தோலில் காயம் பட்ட இடத்தில் அந்நோய் புதிதாகத் தோன்றக்கூடும்.
* இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோருக்குக் குருதிக் கசிவு அதிகமாகி நிறமி தங்காது. ஆனால் இதற்காக மருந்தைத் தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகும்.
* முகப்பருவுக்கு ஐசோட்ரெடினோயின் மாத்திரை உட்கொள்வோர் எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பதைத் தோல் மருத்துவரிடம் கேட்க வேண்டும். ரெட்டினால் களிம்பு, ரசாயன உரிப்பு ஆகியவற்றையும் முன்கூட்டியே நிறுத்த வேண்டும்.
* தலைச்சாயத்தால் அரிப்போ வீக்கமோ ஏற்பட்டவர்கள் அதனை மறைக்காமல் கூற வேண்டும்.

இந்தியத் தோலுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கையும் உண்டு. நிறம் மிகுந்த தோலில் சிறு காயமும் ஆறிய பின் கரும்படலத்தை விட்டுச்செல்லும் இயல்பு உடையது. வெளிநாட்டு வாடிக்கையாளரின் வெளிர்ந்த முகத்தில் கண்ட விளைவு நமக்கும் அவ்வாறே அமையும் என எதிர்பார்க்க இயலாது.

தொற்று: ஊசி மட்டும் புதிதாக இருந்தால் போதுமா?:

ஊசி வழியாக ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி ஆகியவை பரவக்கூடும். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே, உலர்ந்த பரப்பில்கூடக் குறைந்தது ஏழு நாட்கள் தொற்றும் திறனுடன் இருக்கும். 2022 ஆகஸ்டில் வாராணசியில் சிலருக்கு எச்.ஐ.வி கண்டறியப்பட்டபோது, மலிவாகப் பச்சை குத்துவோர் ஒரே ஊசியைப் பலருக்கும் பயன்படுத்தியது காரணமாக இருக்கலாம் என மருத்துவர்கள் ஐயம் தெரிவித்ததாகச் செய்திகள் வெளியாயின.

புதிய ஊசி முதல் நிபந்தனை மட்டுமே. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள ரோச்செஸ்டரில் 2011-12 காலக்கட்டத்தில் பச்சை குத்திக்கொண்ட 19 பேருக்கு, காசநோய்க் கிருமியின் உறவினமான 'மைக்கோபாக்டீரியம் செலோனே' என்னும் கிருமியால் தோல் தொற்று ஏற்பட்டது. கலைஞரின் ஊசியில் குறை இல்லை. நிறமிப் புட்டி நிலையத்துக்கு வந்து சேரும் முன்பே மாசுபட்டிருந்தது. இத்தகைய தொற்றுக்குச் சாதாரண நுண்ணுயிர் எதிர்ப்பு மாத்திரைகள் பயன்தருவதில்லை. மாதக்கணக்கில் சிகிச்சை தேவைப்படும்.

ஆகவே கவனிக்க வேண்டியவை: ஊசி உங்கள் கண்முன் பிரிக்கப்பட வேண்டும், உறையின்மேல் காலாவதி நாள் இருக்க வேண்டும். நிறமி, ஒருவருக்கு மட்டுமான சிறு குப்பியில் ஊற்றப்பட்டு, எஞ்சியது கொட்டப்பட வேண்டும். குழாய் நீரால் நீர்க்கச் செய்யக் கூடாது. கையுறை அணிந்த கையால் கைப்பேசியைத் தொட்டால் கையுறை மாற்றப்பட வேண்டும். மீண்டும் பயன்படுத்தும் உலோகக் கருவிகளுக்கு ஆட்டோகிளேவ் தேவை. நீல விளக்கு எரியும் புற ஊதாக் கதிர்ப் பெட்டி அதற்கு ஈடாகாது. பயன்படுத்திய ஊசி, துளைக்க முடியாத கலனில் போடப்பட வேண்டும். குப்பைக் கூடையில் அன்று. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொள்ளாத பெரியவர்கள் முன்கூட்டியே அதனைச் செலுத்திக்கொள்வது வாழ்நாள் முழுவதற்கும் பயன்தரும்.

சட்டம் என்ன சொல்கிறது?:

1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம், உடலின்மேல் தேய்க்கப்படும், தெளிக்கப்படும் பொருட்களோடு, அழகூட்டும் நோக்கில் உடலுக்குள் செலுத்தப்படும் பொருட்களையும் அழகுசாதனம் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருட்கள் விதிகளின்படி, இறக்குமதியாகும் அழகுசாதனங்கள் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பில் பதிவு பெற வேண்டும். பதிவு எண்ணும் பதிவு பெற்றவரின் முகவரியும் சிட்டையில் இடம்பெற வேண்டும். நிறமிப் புட்டியில் இவை உள்ளனவா என்று பார்ப்பது எவருக்கும் எளிது.

ஆனால் பச்சை குத்தும் மைகளுக்கெனத் தனித் தரநிலை இல்லாதது பெரும் குறையாகச் சுட்டப்படுகிறது. 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கர்நாடக சுகாதாரத் துறை அமைச்சர் தினேஷ் குண்டு ராவ், சோதிக்கப்பட்ட மைகளில் 22 வகை உலோகங்கள் காணப்பட்டதாகக் கூறி, தரநிலை வகுக்க மத்திய அரசை வலியுறுத்தப்போவதாக அறிவித்தார். ஐரோப்பிய ஒன்றியமோ 2022 ஜனவரி முதல், பச்சை மை, நிரந்தர ஒப்பனை நிறமி ஆகிய இரண்டிலும் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருட்களுக்குக் கட்டுப்பாடு விதித்துள்ளது.

செய்பவரின் தகுதி குறித்தும் தெளிவு வேண்டும். மாநகராட்சி வழங்கும் வணிக உரிமம் கடை நடத்துவதற்கானது. அது பயிற்சிக்கான சான்று அன்று. சுவரில் தொங்கும் சான்றிதழ் எத்தனை நாள் பயிற்சிக்கு உரியது எனக் கேளுங்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறைகள் மற்றும் மருத்துவப் பதிவு வாரியம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், முடி மாற்று சிகிச்சை உள்ளிட்ட அழகியல் செயல்முறைகளைத் தொடங்குவதற்குப் பயிலரங்கில் பார்ப்பதோ யூடியூப் காணொளியோ போதுமான பயிற்சி ஆகாது என மருத்துவர்களுக்கே கூறியுள்ளது. புருவ அழகுக் கலைஞரைத் தேர்ந்தெடுக்கையிலும் இந்த அளவுகோல் பொருந்தும். 'கிளினிக்' என்ற பெயர்ப்பலகை இருந்தால், அங்குள்ள மருத்துவரின் பதிவைத் தெலங்கானா மருத்துவக் கவுன்சில் போன்ற மாநிலக் கவுன்சில்களில் சரிபார்க்கலாம்.

முன்பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்:

1. செய்து முடித்த அன்று எடுத்த படங்கள் மட்டுமன்றி, ஆறு வாரங்களுக்கும் ஓராண்டுக்கும் பின் எடுத்த படங்கள் உள்ளனவா?
2. என்னுடைய தோல் நிறமும் தன்மையும் உடையவர்களுக்குச் செய்த பணியைக் காட்ட இயலுமா?
3. நிறமியின் பெயர், தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவற்றை எழுதித் தருவீர்களா?
4. ஒவ்வாமைச் சோதனை எப்போது செய்யப்படும்?
5. தொற்றோ ஒவ்வாமையோ ஏற்பட்டால் எந்த மருத்துவரிடம் அனுப்புவீர்கள்?
6. செய்பவர் யார்? விளம்பரத்தில் உள்ளவரா, பயிற்சி பெறுபவரா?

இக்கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் இடத்தைவிட்டு வெளியேறுவதே சிறந்த முடிவு. 'இன்று மட்டும் பாதி விலை' என்ற அவசரமும் ஓர் எச்சரிக்கைக் குறிதான்.

திருமணத்துக்கு எத்தனை நாள் முன்பு?:

புருவம் ஆறி, திருத்த அமர்வும் முடிந்து, நிறம் நிலைபெறக் குறைந்தது இரண்டு முதல் மூன்று மாதங்கள் தேவை. தெலுங்குத் திருமணங்களில் மணமகளுக்கு மஞ்சள் பூசி நீராட்டும் சடங்கு உண்டு. தமிழ்க் குடும்பங்களில் நலங்கு உண்டு. ஆறாத புருவத்தில் மஞ்சள், சந்தனம், குங்குமம் படுவது தொற்றுக்கும் நிறமாற்றத்துக்கும் வழிவகுக்கும். ஆகவே திருமணத்துக்கு முந்தைய வாரம் இதற்கு உரிய காலம் அன்று.

ஹைதராபாத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைக் கடந்துவிடுகிறது. வியர்வையும் வெயிலும் ஆறும் புருவத்துக்குப் பகை. இரு சக்கர வாகனத்தில் நாள்தோறும் தொலைவு செல்வோர் குளிர்ந்த மாதங்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

செய்துகொண்ட பின் நாள் வாரியாக:

முதல் மூன்று நாட்கள்: நிறம் எதிர்பார்த்ததைவிட அடர்த்தியாகத் தெரியும், இலேசான வீக்கமும் சிவப்பும் இயல்பு. பலர் அஞ்சுவது இக்கட்டத்தில்தான்.

நான்கு முதல் பத்து நாட்கள்: பொருக்கு உருவாகி உதிரும், அரிப்பு எடுக்கும். கிள்ளினால் நிறமியும் உடன் வந்துவிடும், தழும்பும் ஏற்படலாம்.

இரண்டு முதல் நான்கு வாரங்கள்: நிறம் மறைந்துவிட்டதுபோல வெளிறித் தோன்றும். புதிய மேல்தோலின் அடியில் அது மீண்டும் தெளியும்.

ஆறு வாரங்கள்: உண்மையான நிறம் தெரியும். திருத்தம் குறித்து முடிவெடுக்க வேண்டிய நேரம் இதுவே.

முதல் பத்து நாட்களுக்கு நீச்சல், நீராவி, கடும் உடற்பயிற்சி, முகப்பூச்சு, த்ரெட்டிங் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். கலைஞர் அறிவுறுத்திய களிம்பைத் தவிர தேங்காய் எண்ணெய், மஞ்சள், சிவப்பழகுக் களிம்பு என எதனையும் வீட்டு மருத்துவமாகத் தடவக் கூடாது. ஆறிய பின் வெயிலில் செல்லும்போது சன்ஸ்கிரீன் பூசுவது நிறத்தைக் காக்கும்.

எப்போது மருத்துவரிடம் செல்ல வேண்டும்?:

வலியும் சிவப்பும் நாளுக்கு நாள் குறைவதற்கு மாறாகக் கூடினால், சீழ் வடிந்தால், காய்ச்சல் வந்தால், கண் இமை வீங்கினால் அன்றே மருத்துவரைக் காண வேண்டும். மாதங்கள் கழித்து நிறமி உள்ள இடத்தில் மட்டும் கடினமான முடிச்சுகள் தோன்றினால் அது ஒவ்வாமையாகவோ 'கிரானுலோமா' என்னும் அழற்சிக் கட்டியாகவோ இருக்கலாம். 'சார்காய்டோசிஸ்' என்னும் நோயின் வெளிப்பாடாக இத்தகைய முடிச்சுகள் தோன்றியமை மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளது. எனவே தோல் மருத்துவரிடம் காட்டித் திசுச் சோதனை தேவையா எனக் கேட்க வேண்டும்.

அழிக்க முடியுமா?:

லேசர் கொண்டு நிறமியைச் சிதைக்கலாம். பொதுவாகப் பல அமர்வுகள் தேவைப்படும். ஒவ்வொன்றுக்கும் இடையே சில வாரங்கள் இடைவெளி வேண்டும். இதில் அறிய வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. இரும்பு ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் கலந்த நிறமிகள் லேசர் ஒளி பட்டவுடன் வேதிமாற்றம் அடைந்து, மறைவதற்குப் பதில் கருத்துவிடக்கூடும். எனவே முதலில் சிறு புள்ளியில் சோதித்துப் பார்ப்பதே முறை. கண்ணுக்கு மிக அருகில் நடைபெறும் சிகிச்சை என்பதால் தகுந்த கண் காப்பு கட்டாயம். இதனைத் தோல் மருத்துவரிடம் மட்டுமே செய்துகொள்ள வேண்டும். பிழையான புருவத்தின்மேல் மற்றொரு அடர்நிறம் பூசி மறைப்பது பின்னர் அழிப்பதை மேலும் கடினமாக்கும்.

எம்.ஆர்.ஐ பரிசோதனையும் இரத்த தானமும்:

சில நிறமிகளில் இரும்புச் சேர்மங்கள் உள்ளதால் எம்.ஆர்.ஐ பரிசோதனையின்போது அரிதாகச் சூடோ வீக்கமோ உணரப்படலாம். 330 பேரிடம் நடத்தப்பட்டு 2019-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, பச்சையால் ஏற்படும் பாதிப்பு மிகவும் அரிது எனக் காட்டியது. ஆகவே அஞ்சிப் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டாம். பணியாளரிடம் முன்கூட்டியே தெரிவித்தால் போதும்.

இந்தியாவில் தேசிய இரத்தப் பரிமாற்றக் குழுவின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, பச்சை குத்திக்கொண்டவர்கள் 12 மாதங்களுக்கு இரத்த தானம் செய்ய இயலாது. புருவப் பச்சையும் பச்சையே என்பதால் முகாமில் அதனைக் கூறிவிட வேண்டும்.

புகார் அளிப்பது எவ்வாறு?:

கட்டணம் பெற்று அளிக்கப்படும் அழகுச் சேவையும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டதே. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருப்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. தாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதால், ஹைதராபாத்தில் செய்துகொண்டு சென்னையிலோ மதுரையிலோ வசிப்பவருக்கும் வழி உண்டு. பாதிப்பு ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும்.

ஆனால் சான்றுகள் இன்றியமையாதவை. டெல்லியில் 2018-இல் நட்சத்திர விடுதி ஒன்றின் அழகு நிலையத்தில் பெண் ஒருவரின் தலைமுடி அவர் கேட்டதற்கு மாறாக வெட்டப்பட்ட வழக்கில், தேசிய நுகர்வோர் ஆணையம் 2021-இல் 2 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. சேவைக் குறைபாடு குறித்த முடிவில் தலையிடாத உச்ச நீதிமன்றம், அவ்வளவு தொகைக்கு ஆதாரம் வேண்டும் எனக் கூறி 2023 பிப்ரவரியில் அத்தொகையை ரத்து செய்து, மறு பரிசீலனைக்கு அனுப்பியது. எனவே ரசீது, ஒப்புதல் படிவத்தின் நகல், நிறமியின் தொகுதி எண், முன்னும் பின்னும் எடுத்த படங்கள், மருத்துவரின் குறிப்பு, சிகிச்சைச் செலவுக் கணக்கு அனைத்தையும் பாதுகாத்து வைக்க வேண்டும். ரசீது தர மறுக்கும் இடத்தில் புருவத்தை ஒப்படைக்கக் கூடாது.

சுருக்கமாக:

முதலில் புருவம் குறைந்ததன் காரணத்தை அறியுங்கள். அடுத்து, செய்பவரின் ஆறிய பணியைக் காணுங்கள். ஊசி, நிறமி, களிம்பு மூன்றின் உறையையும் படியுங்கள். திருமணமோ விழாவோ இருந்தால் மூன்று மாதங்கள் முன்பே திட்டமிடுங்கள். ஐயம் எழுந்தால் அன்று எழுந்து வந்துவிடுங்கள். பென்சிலால் தீட்டிய புருவம் மாலையில் கழுவினால் போய்விடும். ஊசியால் தீட்டியது அவ்வாறு போவதில்லை.

(பொறுப்புத் துறப்பு: இக்கட்டுரையில் உள்ளவை பொதுத் தகவல்கள் மட்டுமே. தனிப்பட்ட உடல்நிலை சார்ந்த முடிவுகளுக்குத் தகுதி பெற்ற தோல் மருத்துவரின் ஆலோசனையைப் பெறவும்.)